எத்தனை சிலிண்டர்?

வாடைக்காற்று அடங்கிக் களப்பு வாயில் தண்ணீர் தெளியத் தொடங்கினால் எங்கள் ஊரில் கம்பிரசர் ஓடும். கடற்கரைப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலுக்குள் அது கிடந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் தொடங்கினால் இஷா வரைக்கும் டகடகவென்று அடித்துக்கொண்டிருக்கும். மறுநாள் கடலுக்குப் போகிற சிலிண்டர்களுக்கு அதில்தான் காற்று அடைப்பார்கள். உப்புத் தின்று பெயிண்ட் உரிந்த சிலிண்டர்கள் வாசலில் வரிசையாக நிற்கும். நாங்கள் போய்க் காது வைத்துப் பார்ப்போம். துரத்துவார்கள்.

அது போர்நிறுத்தக் காலம். 2002 பெப்ரவரியில் அரசாங்கமும் புலிகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் கடல் வீட்டு வாசலில் கிடந்தும் எங்களுடையதாக இருக்கவில்லை. பாஸ் வேண்டும், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும், இந்த இடத்துக்கு அப்பால் போகக்கூடாது. ஒப்பந்தம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு இளகியது. நிலாவெளிப் பக்கம் திரும்ப வெள்ளைக்காரர்கள் தலைகாட்டினார்கள். எங்கள் இறக்கக்கண்டிப் பொடியன்கள் கடலட்டைக்கு இறங்கினார்கள்.

கடலட்டையை நாங்கள் யாரும் தின்பதில்லை. சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போகிறது என்று மட்டும் தெரியும். மாமா கொண்டுவந்து சாக்கிலிருந்து கொட்டினால் முற்றத்து மணலில் கொழுகொழுவென்று உருளும். உம்மாவும் மாமியும் வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பார்கள். அரை பீப்பாய்க்குள் கடல் தண்ணீர் கொதிக்கும். வெள்ளையட்டை என்றால் ஒரு அவியல் போதாது. அவித்ததை மணலுக்குள் குழி தோண்டி ஒரு இரவு புதைத்துவைக்க வேண்டும். தோலின் மேல் சுண்ணாம்பு மாதிரி ஒரு படை இருக்கிறது. புதைத்தால்தான் அது இளகும். காலையில் தோண்டி எடுத்து எங்களிடம் தருவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சாக்குத்துண்டை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அந்த வெள்ளையை உரிப்பது பிள்ளைகளின் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய் இரண்டு நாளைக்குச் சோற்றில் அட்டை மணக்கும். பிறகு இன்னொரு அவியல், வெயிலில் உலர்த்தல். கையளவு இருந்தது விரலளவாகச் சுருங்கிக் கல்லாகிவிடும். அந்தக் கல்லைத் தராசில் போடும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மாமா உம்மாவின் இளைய தம்பி. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. சுபஹுக்குப் போய்விட்டு வந்து, பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போட்டில் ஏறுவார். போட், எஞ்சின், எண்ணெய், காற்று எல்லாம் முதலாளியுடையது. எடுத்துவருகிற அட்டையில் செலவு கழித்துப் பங்கு. எடுக்காத நாளில் பங்கும் இல்லை, செலவு மட்டும் கணக்கில் ஏறும்.

கரைக்குக் கிட்ட எட்டுப் பாகம், பத்துப் பாகம் தண்ணீரில் முதலில் கிடைத்தது. இரண்டு வருடத்துக்குள் அது அள்ளித் தீர்ந்தது. பிறகு பதினாறு பாகம் என்றார்கள், பதினெட்டு என்றார்கள். பதினாறு பாகம் என்பது ஏறக்குறைய முப்பது மீட்டர். ஆழம் கூடக்கூடக் காற்று சீக்கிரம் தீரும், ஆகவே சிலிண்டர் கூடும். கடலிலிருந்து வந்தவர்களைக் கரையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "எத்தன சிலிண்டர் அடிச்ச?" மூன்று என்றால் சாதாரண ஆள். ஐந்து என்றால் மச்சான்மார் தோளில் தட்டுவார்கள். என் மாமா ஐந்து சிலிண்டர் ஆள் என்பதில் எனக்கும் பெருமையாக இருந்தது; பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

தோள்மூட்டில் உளைச்சல் என்று அவர் அடிக்கடி சொல்வார். மாமி கோடாலித் தைலம் தேய்ப்பார். சில நாட்களில் உடம்பெல்லாம் அரிக்கும், நெஞ்சில் செம்மையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். "கடல் சொறி" என்று விட்டுவிடுவார்கள். வலி கடுமையானால் அவர்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. திரும்ப ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவது. இறங்கினால் வலி போய்விடும். மேலே வந்தால் சில நேரம் திரும்பும், சில நேரம் திரும்பாது. வலி ஏன் போகிறது, ஏன் திரும்புகிறது என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஒருவரும் வரவில்லை.

அந்தக் காரணம் 1878இலேயே தெரிந்துவிட்டது. பிரான்சில் போல் பேர் என்ற உடலியலாளர் தன் பெரிய நூலில் அதை எழுதிவைத்தார். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் தண்ணீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. முப்பது மீட்டரில் மனிதன் சுவாசிப்பது நாலு மடங்கு அழுத்தமுள்ள காற்று. அதிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. ஆள் சட்டென்று மேலே வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போல அது உடம்புக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும். மூட்டில் பொங்கினால் வலி; முள்ளந்தண்டில் பொங்கினால் கால் போகும்; நுரையீரலிலும் மூளையிலும் அடைத்தால் உயிர் போகும்.

இங்கிலாந்தில் ஜோன் ஹால்டேன் அழுத்த அறைக்குள் ஆடுகளை விட்டுப் பரிசோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றவர் எந்தெந்தப் படியில் தங்கித் தங்கி ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டார். 1908இல் அது அச்சில் வந்தது. பின்னாளில் உலகமெங்கும் பரவிய அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை, நூறு அடி ஆழத்தில் 25 நிமிடம் நின்றவர் இடையில் தங்காமல் ஏறலாம் என்றது. அதுவும் முதல் இறக்கத்துக்குத்தான். இரண்டாவது சிலிண்டரைக் கட்டும்போது முதலாவதின் நைதரசன் இன்னும் உடம்பில் கிடக்கும். மூன்றாவதில் இரண்டினதும் கிடக்கும். ஐந்தாவது சிலிண்டரோடு மாமா இறங்கிய உடம்பு அப்படிப்பட்ட உடம்பு. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கைக்கடிகாரம், முடிச்சுப் போட்ட ஒரு கயிறு, கரையில் நின்று "இன்றைக்கு இதோடு போதும்" என்று சொல்ல அதிகாரமுள்ள ஒரு ஆள். மூன்றுமே ஊருக்குள் கொண்டுவர முடியாத பொருள்கள் அல்ல.

பக்கத்து வளவில் ஒரு காக்கா இருந்தார். மாமாவோடு ஒரே போட். புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்த வருடம், கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒரு நாள், போட் வழக்கத்துக்கு முந்தியே திரும்பிவந்தது. எஞ்சின் சத்தத்தை வைத்தே உம்மா எழுந்துவிட்டார். காக்காவை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயோரம் இரத்த நுரை. மேலே வந்தவர் "நெஞ்சு அடைக்குது" என்று சொன்னாராம், முதலாளியின் ஆள் "திரும்ப இறக்குவம்" என்றானாம், அதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கே மஃரிபுக்கு முன் ஜனாஸாவை அடக்கினார்கள். மரண விசாரணைத் தாளில் நீரில் மூழ்கியதால் என்று எழுதப்பட்டது. அவர் மூழ்கவில்லை. போட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, பேசிவிட்டு இறந்தார். அந்த ஒரு வரியால் வேலையில் நேர்ந்த சாவு கடலில் நேர்ந்த சாவாக ஆனது. முதலாளி ஒரு கடித உறைக்குள் காசு கொண்டுவந்து கொடுத்தார். காக்காவின் உம்மா அதை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, பாயில் கிடந்தது. எல்லாரும் "கத்ர்" என்றார்கள். விதியை நம்புகிறவன்தான் நானும். ஆனால் கடிகாரம் இல்லாமல் ஆளை இறக்கியது அல்லாஹ் அல்ல.

ஊர் ஒரு கிழமை கடலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு போனது. மாமாவும் போனார்.

அவருக்கு நேர்ந்தது இரவில். கடலிலிருந்து வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு. மாமி வந்து எங்கள் கதவைத் தட்டினார். போனபோது மாமா சுவரில் சாய்ந்திருந்தார். "கால் இருக்கா எண்டே தெரியல்ல ராத்தா" என்று உம்மாவிடம் சொன்னார். அவர் முழங்காலில் உம்மா கிள்ளியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பார்த்தாரே தவிர உணரவில்லை. சிறுநீரும் போகவில்லை. வான் ஒன்றில் போட்டு இருட்டில் செக்பொயின்ட்டுகளைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். இதற்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரியாததால் கேட்கவும் இல்லை. இன்றைக்குத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அப்படியொரு அறை இருக்கிறது, மீனவர்களையும் அதில் வைத்துச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். நேரம் போகப் போக அதன் பலன் குறையும். மாமா உயிரோடு திரும்பினார். ஒரு கால் பாதி வந்தது, மற்றது வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது அவரை வாப்பா முதுகில் சுமந்துகொண்டு ஓடினார். கம்பிரசர் கொட்டில் அன்றைக்குப் போனது. அடுத்த வருடமே வேறொன்று வந்தது.

அட்டைக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. அட்டையை ஏற்றிப்போக வேறு பத்திரம். பத்திரம் பார்க்க வந்தவர்களைச் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறேன். சாக்கை அவிழ்ப்பார்கள், எண்ணுவார்கள், எழுதுவார்கள். சாக்குக்குப் பக்கத்தில் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதனிடம் எத்தனை சிலிண்டர், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்று கேட்ட ஒருவரை நான் காணவில்லை.

சட்டம் இல்லாத நாடு அல்ல இது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது வேலை கொடுத்தவரையும் வேலை செய்தவரையும் தேடும். பங்குக்கு இறங்குகிறவனைப் பார்த்து "நீ என் வேலையாள் இல்லை, கூட்டாளி" என்று முதலாளி சொல்லிவிடலாம். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இயந்திரத்துக்கு மறைப்பு உண்டா என்று பார்க்க அதன்படி அதிகாரி வரலாம். கடலின் பதினாறு பாகத்துக்குக் கீழே நடக்கும் வேலைக்கு அதில் இடமில்லை. 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் அமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இலங்கை 1948இலிருந்து அதில் அங்கத்துவ நாடு.

என் மூத்தாப்பா மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்வார். சுறா கடிக்காமல் மந்திரம் ஓதக் கடற்கட்டி என்று ஒருவர் கரையில் நிற்பாராம். பெரியவனானபின் வாசித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. வெள்ளைக்கார அரசாங்கமே கடற்கட்டிக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது. மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் இல்லாவிட்டால் சுழியோடி இறங்கமாட்டான், இறங்காவிட்டால் முத்து வராது, முத்து வராவிட்டால் வருமானம் வராது. சுழியோடியின் அச்சத்துக்கு அன்றைய கஜானாவில் ஒரு செலவுக் கணக்கு இருந்தது. எங்கள் காலத்து ஏற்றுமதிக் கணக்கில் அதுகூட இல்லை.

தூரத்தில் ஒரு கடற்கரையில் இந்தச் சிலிண்டர் வேலை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஹொண்டுராசின் மிஸ்கிட்டோ பழங்குடிகள் சிங்கி இறாலுக்காகச் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்கள். அதே ஆழம், அதே அளவுக்கு மிஞ்சிய சிலிண்டர்கள், அதே செயலிழந்த கால்கள். 42 பேருக்காகப் பேசப்பட்ட வழக்கில் 2021 ஆகஸ்ட் 31இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தனியார் முதலாளியின் போட்டில் நடந்தது என்று அரசு கையைக் கழுவ முடியாது. அந்த வேலையைக் கண்காணிப்பது அரசின் கடமை, அதில் தவறியதால் அரசே பொறுப்பு என்றது. அந்தச் செய்தியை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்கயும் ராவுலதான் கால் போகுதாமா?" என்று கேட்டார்.

மாமாவின் மகன் இப்போது நிலாவெளியில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிற வேலை செய்கிறான். புறாமலைத் தீவைச் சுற்றிய அதே தண்ணீர். அவன் கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் கீச்சிடும் கருவி கட்டியிருக்கிறது. இறங்குமுன் சுகநலப் படிவம் நிரப்ப வேண்டும். இரண்டாவது இறக்கத்துக்கு முன் கரையில் காத்திருக்க வேண்டும். ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தங்க வேண்டும். போட்டில் ஒட்சிசன் இருக்கிறது. குமிழி அடித்த ஆளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கொடுக்கத் தொடங்கலாம். பார்க்க இறங்குகிறவனுக்கு இவ்வளவும். பிழைக்க இறங்குகிறவன் அவனைத் தாண்டி ஆழத்துக்குப் போகிறான், ஒன்றும் இல்லாமல்.

போன வருடம் மீனவர் சங்கக் கூட்டத்துக்கு மாமா ஊன்றுகோலோடு போனார். அவர் கேட்டது: அட்டைக்குப் போகும் ஒவ்வொரு போட்டிலும் ஒரு ஒட்சிசன் சிலிண்டர், ஒரு கடிகாரம், இறங்கிய நேரமும் ஏறிய நேரமும் எழுத ஒரு கொப்பி. சங்கத்தில் ஒருவர் அந்தக் கொப்பியைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டருக்கு மேல் அடிக்கிறவனின் அட்டையை யாரும் நிறுக்கக் கூடாது. ஒருவர் எழும்பி, செலவு யார் தருவது என்று கேட்டார். அட்டை ஏற்றும் பத்திரத்தோடு இந்தக் கொப்பியையும் அதிகாரிகள் கேட்கத் தொடங்கினால் முதலாளிமார் தானாகக் கொண்டுவருவார்கள், அதை எழுதிக் கேட்போம் என்றார் மாமா. மனுவை நான்தான் எழுதினேன். காக்காவின் தம்பி முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தான்.