அப்பாவின் காபி டம்ளர்

பாத்ரூமில் வழுக்கி விழுந்த அப்பாவுக்குத் தலையில் சின்ன வீக்கம்தான். தைலம் தேய்த்துவிட்டு மறந்துபோனோம். மூன்று வாரம் கழித்து காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவியது. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டார். "வயசாயிடுச்சு" என்றோம்.

பிறகு எடுத்த ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். மேலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு, லேசான அடியிலேயே கிழியலாம். கசிவு வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தும். மண்டையோட்டில் துளையிட்டு வடித்தார்கள். மறுபடி சேரலாம், வலிப்பும் வரலாம் என்றார் டாக்டர்.

பெரியவர்கள் விழுந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தலைவலி, தடுமாற்றம், குழப்பம் வாரங்கள் கழித்து வந்தாலும் 'வயசு' என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்று டம்ளரை அப்பாவே பிடித்துக் குடித்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்.