கறுப்புத் தொட்டி

தம்பி அமெரிக்காவுக்கு வரச்சொல்லி டிக்கெட் அனுப்பியபோது, திரும்பி வந்து நான் கழிவுத் தொட்டியைப் பற்றி எழுதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் அங்கே என் மனசில் தங்கியது அதுதான்.

2023 ஜூலையில் யெல்லோஸ்டோன் பார்க்கக் கிளம்பினோம். தம்பி, அவன் மனைவி, இரண்டரை வயசுக் குழந்தை, நான், என் வீட்டுக்காரர். சால்ட் லேக் சிட்டியில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தான். ஆர்.வி. என்கிறார்கள். பஸ் மாதிரி இருக்கிறது. உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், குளியலறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. "வீட்டுக்குச் சக்கரம் வச்சிட்டாங்களே!" என்று இவர் அதிசயப்பட்டார். வீடு என்றால் சாக்கடை வேண்டாமா? அதையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறோம் என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் போய்ச் சேருவது இரண்டாவதில். அதைச் சாம்பல் தொட்டி என்கிறார்கள். கக்கூஸுக்கு மட்டும் தனியாக ஒன்று, அது கறுப்புத் தொட்டி. எங்கள் வண்டியில் கழிவுத் தொட்டி ஒவ்வொன்றும் சுமார் 110 லிட்டர். நம் வீட்டு வாளியில் ஏழெட்டு வாளி, அவ்வளவுதான்! முதல் நாள் வழியில் தங்கினோம். சாம்பார், ரசம் வைத்து, வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். எல்லோரும் குளித்தோம். காலையில் குளிக்கிற இடத்தில் கால் வைத்தால் அழுக்குத் தண்ணீர் எதிர்த்து வந்து நிற்கிறது. மேலே கறிவேப்பிலை மிதக்கிறது! அதற்குப் பிறகு தட்டைக் காகிதத்தால் வழித்துத் துடைத்துவிட்டு, சின்ன பேசினில் தண்ணீர் பிடித்துக் கழுவக் கற்றுக்கொண்டேன். வெளியே வீசிக் கொட்டவும் முடியாது. தேசியப் பூங்காவில் அது குற்றம், வாசனைக்குக் கரடியும் வரும்.

வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் இரண்டு ராத்திரி. அங்கே வண்டி நிறுத்துகிற இடத்திலேயே சாக்கடை இணைப்பு இருந்தது. தம்பி குழாயை மாட்டி இரண்டு தொட்டிகளின் அடைப்பையும் திறந்து வைத்துவிட்டு, "இனி கவலையில்லே" என்றான். பிறகு பூங்காவுக்குள் மேடிசன் என்ற முகாமுக்குப் போனோம். அங்கே இணைப்பு கிடையாது. தொட்டியைக் காலி செய்ய ஒரு பொது இடம் உண்டு, வண்டிகள் வரிசையில் நின்று காலி செய்துகொண்டு போகும்.

மறுநாள் சாயந்திரம் எங்கள் முறை வந்தது. ஊரில் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத என் தம்பி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்ததைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாக இருந்தது. நம் வீட்டில் செப்டிக் டாங்க் லாரி வந்தால் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவோமே! கறுப்புத் தொட்டியைத் திறந்தான். கொஞ்சம் தண்ணீர் வழிந்தது, நின்றுவிட்டது. பின்னால் மூன்று வண்டிகள். உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தான். குழந்தையைத் துடைக்கிற ஈரத்துணிகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"இதுல போடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்று மனைவியைக் கத்தினான்.

"நான் போடலே" என்றாள். அவன் நம்பவில்லை.

போட்டது நான். பாக்கெட்டின் மேலே ஃப்ளஷ் பண்ணலாம் என்று படம் போட்டிருந்தது, போட்டேன். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். இத்தனை வயசுக்கு மேல் தம்பியிடம் திட்டு வாங்குவதா என்று வாய் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

பின் வண்டியிலிருந்து ஒரு வயசான அம்மாள் இறங்கி வந்தார். "கறுப்பு அடைப்பைத் திறந்தே வைத்திருந்தீர்களா?" என்று கேட்டார். தம்பி தலையாட்டினான். அதுதான் பெரிய தப்பாம். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது அடியிலேயே குவிந்து இறுகிவிடும். முக்கால்வாசி நிரம்பும்வரை மூடியே வைத்து, பிறகு ஒரேயடியாகத் திறந்தால் தண்ணீரின் வேகமே எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். அதன் பின்னால் சாம்பல் தொட்டியைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். ஒவ்வொரு தடவையும் தாராளமாகத் தண்ணீர் விடவேண்டும்; பாத்திரத்துக்குத்தான் சிக்கனம், இதற்கு இல்லை. ஈரத்துணி, பாக்கெட்டில் என்ன போட்டிருந்தாலும், கரையாது. சந்தேகமிருந்தால் மூடி போட்ட பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள் என்றார்.

அவர் சொன்னபடி தொட்டியில் தண்ணீரை நிரப்பி ராத்திரி முழுக்க ஊற விட்டோம். கக்கூஸுக்கு முகாமின் பொதுக் கழிப்பிடம்தான். நடு ராத்திரி, ஜூலையிலும் பல்லைக் கிட்டுகிற குளிர். தம்பி மனைவியும் நானும் டார்ச்சோடு நடந்தோம். மரம் அசைந்தால் கரடியோ என்று பயம்.

பாதி வழியில், "நாந்தாம்மா போட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா. ரெண்டு நாளா குழந்தையை நீங்கதானே கூட்டிட்டுப் போறீங்க."

"பின்னே ஏன் அவன்கிட்ட சொல்லலே?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை மட்டும் என் காலடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காலையில் காபி கொடுக்கும்போது தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. "சரி விடுக்கா" என்று வெளியே பார்த்தான். அன்று ஓல்ட் ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்றைப் பார்க்கப் போனோம். ஊற்று ஆள் உயரம் பல மடங்கு பீறிட்டு அடிக்க, எல்லோரும் ஆ என்று பார்த்தார்கள். நாங்கள் வண்டிக்குள் குலுங்கிக்கொண்டு வந்த தொட்டியையே நினைத்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்து அடைப்பை இழுத்ததும், கடகடவென்று எல்லாம் இறங்கியது. இவர் கை தட்டினார். இன்னும் இரண்டு தடவை நல்ல தண்ணீர் நிரப்பி அலசிய பிறகுதான் தம்பி கையுறையைக் கழற்றினான்.

மனைவியிடம் மன்னிப்பு கேட்டானா என்றால், என் காதில் விழவில்லை. அன்று ராத்திரிப் பாத்திரம் எல்லாம் அவனே கழுவினான். குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக் கழுவினான். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.