கண்ணீர் விட்ட ஒட்டகம்

மேற்படிப்புக்கென அயல்நாடு செல்வோர் பிறந்த மண்ணை மறந்துவிடுவர் என்று கூறுவோர் பலர். மங்கோலியத் திரைப்பட இயக்குநர் பியாம்பாசுரென் தவாவைப் பற்றி அறிந்தபின் அக்கூற்றை நான் ஏற்பதில்லை.

1971-இல் உலான்பாதரில் பிறந்த இவர், மங்கோலியத் தொலைக்காட்சியில் பணியாற்றினார். 2000-இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குத் திரைப்படக் கலை பயிலச் சென்றார். மாணவியாக இருந்தபோதே, சக மாணவர் லூயிஜி ஃபலோர்னியுடன் சேர்ந்து 'அழும் ஒட்டகத்தின் கதை' (2003) என்னும் படத்தை எடுத்தார். அது ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

கதை எளியது. கோபி பாலைவனத்தில், வருந்தி ஈன்ற வெள்ளைக் குட்டிக்குத் தாய் ஒட்டகம் பாலூட்ட மறுக்கிறது. சிறுவர் இருவர் நெடுந்தொலைவு சென்று இசைக்கலைஞரை வரவழைக்கின்றனர். குதிரைத்தலை கொண்ட இருதந்திக் கருவி ஒலிக்க, அவ்வீட்டுப் பெண் ஒட்டகத்தைத் தடவியபடியே பாடுகிறாள். தாயின் கண்களில் நீர் வழிகிறது. குட்டி பால் குடிக்கிறது. படத்தில் வருவோர் நடிகர் அல்லர்; அங்கேயே வாழும் மேய்ப்பர் குடும்பத்தினர்.

இறுதியில் அக்கூடாரத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேர்கிறது. இனி அப்பாடலை யார் கற்பர் என்று என் மனம் கலங்கியது. தவாவின் படங்கள் அக்கேள்வியை விட்டு விலகவேயில்லை. 'மஞ்சள் நாயின் குகை' (2005) படத்திலும் நாடோடிக் குடும்பம் ஒன்றையே காட்டினார். 'உலகின் நாளங்கள்' (2020) படத்தில் தங்கச் சுரங்கங்களால் மேய்ச்சல் நிலம் பாழாவதைக் காட்டினார்.

நண்பர்களே! பட்டம் பெற்றபின் நாமும் வெளியூர் செல்வோம். நம் வீட்டு முதியோர் அறிந்தவற்றுள் எவற்றைக் கேட்டறிந்து செல்லப் போகிறோம்? அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.