கழிவுக் கணக்கு

மே 8

பாப்பாவுக்குப் பிளஸ் டூவில் 541. கத்தரிக்காய் மூட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரம், பக்கத்துக் கடைப் பையன்தான் போனில் பார்த்துச் சொன்னான். முதலாளி எல்லாருக்கும் டீ சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் அம்மா முகம் சரியில்லை. "என்ன படிக்கப்போறாளாம், நீங்களே கேளுங்க" என்றாள். கேட்டேன். பி.எஸ்சி. தோட்டக்கலையாம். பெரியகுளத்தில்.

இருபத்திரண்டு வருஷமாக ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். தோட்டத்தில் விளைகிற எதுவும் கடைசியில் என் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்குப் போனவர்களைப் பேர் சொல்லித் தெரியும். இதைப் படிக்க நாலு வருஷமா?

தூக்கம் வரவில்லை. பழைய சிட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

மே 9

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

மே 12

அவள் அம்மாவுக்கு நர்சிங் ஆசை. "மண்ணை விட்டு வெளியேறணும்னுதான் என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தாங்க. இவ திரும்ப அதுக்குள்ளயே போறேங்கிறா." என் மாமனார் வெங்காயம் போட்டுக் கடனான கதை எனக்கும் தெரியும். பதில் சொல்லவில்லை.

பாப்பா சொன்னதைக் குறித்துக்கொண்டேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கீழே வருகிற படிப்பு. நாலு வருஷம், எட்டு செமஸ்டர். நீட் மாதிரி நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்தே ரேங்க். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-லிருந்து இதற்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். அதற்கு மேல் மாதம் ஆயிரம் ரூபாய், புதுமைப்பெண் பணம்.

பேரேடு மாதிரி நடுவில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். செலவுப் பக்கம் கிட்டத்தட்டக் காலி. வரவுப் பக்கம்தான் பேனா நகரவில்லை. தேர்வாணையம் எழுதித் தோட்டக்கலை அலுவலர் ஆகலாம். உதவி இயக்குநர் என்றால் மேற்படிப்பு வேண்டும். வங்கியில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு இந்தப் பட்டமே போதும், ஆனால் பரீட்சை உண்டு. எல்லா வரவும் "ஆகலாம்" என்றே முடிகிறது. எங்கள் கடையில் அப்படி ஒரு வரி எழுதினால் முதலாளி சிட்டையை மூஞ்சியில் எறிவார்.

மே 13

கொல்லையில் மூன்று வருஷமாகப் பூத்துப் பூத்து உதிர்கிற பப்பாளி ஆண் மரமாம். பாப்பா வெட்டச் சொல்கிறாள். கோ 7 ரகத்தில் ஆண் மரமே வராது, அதை வைத்திருக்கலாமே என்கிறாள். "ஆம்பள இல்லாமயே காய்க்குமா?" என்று அவள் அம்மா கேட்டு, ஐந்து நாளைக்குப் பிறகு சிரித்தாள். அதில் இருபால் பூ பூக்கும் மரமும் இருக்கும் என்று விளக்கியதை நாங்கள் இருவருமே காதில் வாங்கவில்லை.

மே 19

மச்சினன் மகன் வந்திருந்தான். இதே படிப்பை முடித்தவன். பூச்சிமருந்து கம்பெனி ஒன்றில் விற்பனை. பைக்கில் ஊர் ஊராகச் சுற்றிக் கழுத்து கறுத்துப் போயிருக்கிறது. பாப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன், படிப்பு தேறுமா தேறாதா, ஒளிக்காமல் சொல்.

"எட்டு செமஸ்டர் படிச்சேன் மாமா. பழம், காய், பூ, மலைத்தோட்டம், மண்ணு, பூச்சி, நோய், பொருளாதாரம்னு எல்லாம் இருந்துச்சு. இப்ப ஒரே வாக்கியம்தான் சொல்றேன். இந்த மருந்தை அடிங்க."

பாதி வேடிக்கையாகத்தான் சொன்னான். அப்புறம் வெண்டை இலையைப் பற்றி ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நரம்பு மஞ்சளானால் அது வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. நரம்பு பச்சையாக இருந்து, நடுவே உள்ள இடம் மட்டும் கொழுந்து இலையில் வெளுத்தால் அது நோயே இல்லை, இரும்புச்சத்துக் குறைவு. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள். "வண்டியை நிறுத்தாமயே எனக்குத் தெரிஞ்சிரும் மாமா. ஆனா மருந்து வேண்டாம்னு சொல்றதுக்கு யாரும் எனக்குச் சம்பளம் குடுக்கல."

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். வாசலில் நின்று, "அவ படிக்கட்டும் மாமா" என்றான். அவ்வளவு நேரம் பேசியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

மே 20

தக்காளி சரிந்துவிட்டது. வேறு யோசனைக்கு நேரமில்லை.

மே 27

பாப்பா கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கள்ளிமந்தையம் பக்கத்து விவசாயி ஒருவர் முருங்கைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தார். "செடிமுருங்கையாங்க, மரமுருங்கையாங்க?" என்று கேட்டாள். "செடிதான் கண்ணு. பி.கே.எம்."

அவர் போனதும் என்னிடம் திரும்பினாள். "பி.கே.எம்.னா என்னன்னு தெரியுமாப்பா?"

தெரியும் என்றேன். விதைக் கம்பெனி.

"பெரியகுளம்ப்பா."

முன்பெல்லாம் முருங்கை என்றால் போத்தை வெட்டி நட்டு, மரமாகும்வரை காத்திருக்க வேண்டும். பி.கே.எம். 1 விதை போட்டு வருவது, ஆறேழு மாதத்தில் காய்க்கும். அறுப்பு முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். 1989-இல் அங்கே இருந்த ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. அதற்கு மறுவருஷம்தான் கல்லூரியே வந்தது. கேரியரைத் திறந்தபடி இதெல்லாம் சொன்னாள். நான் ரசத்தைக் கொட்டிவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மூன்று எழுத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஊர்ப்பேர் என்று தோன்றவே இல்லை.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எல்லார் தோட்டத்திலும் ஒரே மாதத்தில் காய்த்தால் விலை எங்கே நிற்கும்? பனிக்காலத்தில் கிலோ நூறைத் தாண்டியதும் என் கையெழுத்துதான். இன்றைக்கு ஐந்து ரூபாய் எழுதியதும் அதே கைதான். "காய்க்க வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு விக்க வைக்கத் தெரியலையே" என்றேன். "அதுக்கும் பாடம் இருக்குப்பா" என்றாள். இந்த வயசில் எல்லாவற்றுக்கும் பாடம் இருக்கிறது.

ஜூன் 1

பெரியகுளம் போனோம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக. ஞாயிற்றுக்கிழமை என்று யோசிக்காதது என் தப்பு. வேலைநாளில் வாங்க என்றார் காவலாளி. கேட்டுக்கு வெளியே நின்று மரங்களைப் பார்த்துவிட்டு டீக்கடைக்கு வந்தோம்.

டீக்கடைக்காரர் பேச்சுப் பிரியர். கூலிக்கு மாங்கன்று ஒட்டுக் கட்டுகிற ஆள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கட்டிவிடுவானாம். படிக்கிற பிள்ளைகள் பத்து கட்டினால் நாலு பிழைத்தால் பெரிசு. கேட்டுக்கோ என்கிற மாதிரி பாப்பாவைப் பார்த்தேன்.

"ஆறு ஏன் செத்துச்சுன்னு ரெக்கார்டுல எழுதணுமாம்ப்பா. சீனியர் அக்கா சொன்னாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. அசைக்கவில்லை.

ஜூன் 4

தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து நாலாவது தடவை போன். "தோட்டக்கலை எதுக்கு சார், அக்ரியே வாங்கித் தர்றோம்." பத்து நிமிஷம் பேசினான், என் மகள் பேரை ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லவில்லை.

ஜூன் 9

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். போன வருஷம் நடந்தது.

கடைக்கு நாலு பெண்பிள்ளைகள் நோட்டோடு வந்தார்கள். கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டுமாம், அதில் ஒரு பகுதியாக மார்க்கெட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள். எந்தக் காய் எங்கே போகிறது, கேரளாவுக்கு எவ்வளவு என்று கேட்டதற்கெல்லாம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்று, "அண்ணா, நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ கழிவு பிடிக்கிறீங்க? அதுக்கு எதுவும் கணக்கு இருக்கா, இல்லை பழக்கமா?" என்றது.

முதலாளி இல்லை, அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன். முதலாளி உள்ளேதான் இருந்தார்.

அந்தப் பிள்ளைகள் பெரியகுளமா, கோயம்புத்தூரா, எந்தப் படிப்பு என்றுகூட நான் கேட்கவில்லை.

ஜூன் 10

மழை. வரத்து குறைவு. பப்பாளியை வெட்டியாயிற்று.

ஜூன் 16

விண்ணப்பம் போய்விட்டது. இனி ரேங்க் பட்டியல், அப்புறம் கலந்தாய்வு. எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று அம்மாவும் மகளும் உட்கார்ந்து வரிசை எழுதுகிறார்கள். நர்சிங் பேச்சை இரண்டு நாளாகக் காணோம். போய்விட்டதா பதுங்கியிருக்கிறதா தெரியாது. பெரியகுளத்துக்குத் திண்டுக்கல்லில் இறங்கி ஏறிக்கொள்ளலாம் என்று அவள் அம்மாதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி சிட்டையைத் திறந்ததும் பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்பக்கத்தைப் படித்துவிடுவாளோ என்று முன்பக்கத்தைத் திருப்பினேன். இன்றைய வரவு. விவசாயி பேர், சரக்கு, எடை, கழிவு, நிகர எடை, விலை, கமிஷன். விரல் வைத்துக் கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டே போனாள். நாலாவது கட்டத்தில் விரல் நின்றது.

"இது ஏன்ப்பா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கு?"

காய் வழியில் வாடும், காம்பு உடையும், எடை குறையும் என்றேன்.

"முருங்கைக்கும் வெங்காயத்துக்கும் ஒரே மாதிரியா வாடும்?"

தண்ணி கொண்டு வா என்றேன். எழுந்து போனாள். செம்பு நிரம்புகிற சத்தம் கேட்கிறது. வந்துவிடுவாள்.