கேம் ஆடுற பிள்ளைக்கு, கேம் செய்யக் கற்றுத்தரும் மாமல்லபுரம்!

"எந்நேரமும் கேம்தானா?" இந்தக் குரல் கேட்காத வீடு இன்று அபூர்வம். கவலையில் நியாயமும் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளால் குடும்பங்கள் கடனில் மூழ்கியதைப் பார்த்துத்தான், தமிழக அரசு 2022-ல் தனிச் சட்டமே இயற்றியது.

அதே பிள்ளை கேம் ஆடுவதற்குப் பதில், கேம் 'செய்ய' ஆரம்பித்தால்? கதை, ஓவியம், இசை, கணக்கு எல்லாம் ஒன்றாகச் சேரும் அருமையான பொழுதுபோக்கு அது. அதற்கான முதல் பாடங்களை ஒரே நாள் பயணத்தில் படித்துவிடலாம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை போய்வருவோம், வாருங்கள்.

கொளவாய் ஏரி: ஓடும் பின்னணி

சென்னையிலிருந்து வரும் ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது, கொளவாய் ஏரி கண்ணில் படும். ஜன்னலோரம் உட்கார்ந்து கவனியுங்கள். பக்கத்துக் கம்பங்கள் வேகமாக ஓடும், ஏரி மெதுவாக நகரும், தூரத்து மலை நகர்வதே தெரியாது. கேம்களில் பின்னணியை அமைப்பதும் இப்படித்தான். கம்பம், ஏரி, மலை என மூன்று படங்களைத் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு வேகத்தில் நகர்த்தினால் போதும். தட்டையான திரைக்கு ஆழம் வந்துவிடும்.

அர்ச்சுனன் தபசு: உங்கள் ஹீரோ ஒரு பூனை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. ஊருக்குள் நுழைந்ததும் அர்ச்சுனன் தபசு பாறைக்குப் போய்விடுங்கள். பெரிய யானையின் அருகே, பின்னங்கால்களில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்யும் பூனையைத் தேடிப் பிடியுங்கள். அதைச் சுற்றிலும் எலிகள்!

கேமுக்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது. பூனை கண்ணை மூடியிருக்கும்போது எலி ஓட வேண்டும், கண்ணைத் திறந்தால் அப்படியே நிற்க வேண்டும். அசைந்தால் அவுட். ஒரு பாத்திரம், ஒரு விதி, ஒரு ஆபத்து. முதல் கேமுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வெண்ணெய் உருண்டை: உருளாத பந்து

சரிவில் நிற்கும் 'கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை'யைத் தள்ளுவதுபோல் போட்டோ எடுக்காதவர்கள் யார்? சுமார் 250 டன் என்று கணக்கிடப்படும் பாறை அது. கேம் செய்யும் மென்பொருளில் ஒரு வட்டம் வரைந்து, அதற்கு எடையும் உராய்வும் கொடுத்தால், சரிவில் தானாகவே உருளும். உராய்வு எண்ணைப் பூஜ்யமாக்கினால் உருளாமல் சர்ரென்று சறுக்கும், கூட்டினால் உருண்டு ஓடும். பள்ளிப் புத்தகத்தில் புரியாத இயற்பியல், இங்கே விளையாட்டாகவே பிடிபடும்.

ஐந்து ரதங்கள்: சின்னதாகத் தொடங்கு

7-ம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறைகளை மேலிருந்து கீழாகக் குடைந்து உருவாக்கியவை இவை. இருப்பதிலேயே சின்னது, குடிசை வடிவிலான திரௌபதி ரதம். பெரியது தர்மராஜ ரதம். அதன் கீழ்ப்பகுதியில் வேலை முடியாமலே நின்றுவிட்டது.

கேம் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் முயற்சியிலேயே பெரிய போர், நூறு லெவல் என்று கனவு கண்டு, பாதியில் விட்டுவிடுவார்கள். முதலில் ஒரு குடிசையை முடியுங்கள், கோபுரம் பிறகு.

இங்குள்ள முடிவுபெறாத குடைவரைகளையும் பாருங்கள். பாறையைக் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டிப் பிரித்து, ஒவ்வொரு சதுரமாகப் பெயர்த்திருக்கிறார்கள். இன்றைய பல கேம்களில் தரை, சுவர், படிக்கட்டு எல்லாம் சின்னச் சின்னச் சதுரப் படங்களை அடுக்கித்தான் உருவாகின்றன.

வீட்டுக்கு வந்ததும்...

பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஸ்கிராட்ச்' போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. கட்டளைக் கட்டைகளை இழுத்து அடுக்கினாலே பூனை நடக்கும். பெரியவர்கள் 'கோடோ'வை முயலலாம். அதுவும் இலவசம்தான், செய்த கேமை விற்றாலும் அவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. கடற்கரையில் அலை ஓசையை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பின்னணி இசை தயார்!

முதல் வாரம் எலி இடமும் வலமும் ஓடட்டும். இரண்டாம் வாரம் பூனை கண் திறக்கட்டும். மூன்றாம் வாரம் மதிப்பெண்ணும் ஒலியும். முடித்ததும் அம்மாவிடமோ தாத்தாவிடமோ கொடுத்து ஆடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்களோ, அங்கேதான் உங்கள் கேமைத் திருத்த வேண்டும்.

"நம்ம கதையெல்லாம் கேம் ஆகுமா?" என்ற சந்தேகம் வேண்டாம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி சுடுவதும் புட்டு அவிப்பதும்தான் 'வெண்பா' கேம். டொரான்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023-ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதில், சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது. இட்லிப் பானைக்கு விருது கிடைக்கும்போது, தவம் செய்யும் பூனைக்குக் கிடைக்காதா?

போகும் முன்...

ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட் போதும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். வெயிலுக்கு முன்பே போய்விடுவது நல்லது. தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே முதல் லெவலை வரைந்துவிடலாம்!