அம்மிக்குழவியால் அடித்த ஸ்டேக்



போன வாரம் என் தங்கச்சி மகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டாள். அதிலிருந்து ஒரே கேள்விதான். "டீச்சர், அது என்ன, பெரிய கட்லெட்டா?" "மேலே ஊற்றியிருப்பது பாயசமா?" பாயசமா என்று கேட்டவன் எட்டாம் வகுப்பிலும் இப்படித்தான் கேட்பான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத என் கண் இடம் கொடுக்காது. மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஸ்டேக். மாட்டிறைச்சியைத் தகடாக அறுத்து, அடித்து, மைதா, முட்டை, ரஸ்க் தூள் மூன்றிலும் புரட்டி எண்ணெயில் பொரித்து, மேலே பாலும் மிளகும் சீஸும் சேர்ந்த வெள்ளை கிரேவியை ஊற்றுவது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் பக்கத்துச் சாப்பாடு. அங்கே இதற்கு ‘சிக்கன் ஃபிரைட் ஸ்டேக்’ என்று பெயர். கோழி இதில் கிடையாது. கோழியைப் பொரிப்பதுபோல மாட்டிறைச்சியைப் பொரிப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கமிருந்து அங்கே குடியேறியவர்கள், தங்கள் ஊர் ஷ்னிட்செலை நினைத்து, கிடைத்த முரட்டு இறைச்சியில் செய்ததிலிருந்து வந்தது என்பார்கள். மரச்சீனியும் மத்திக் குழம்பும் வேகிற தேங்காய்ப்பட்டணத்து அடுப்படிக்கு இது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. உங்களில் பலருக்கு அவரை ‘கல்ஃப் மாமா’ என்று தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பள்ளிக்கூடத்து வாசலில் நின்று மிட்டாய் கொடுப்பார், போய்விடுவார். 1981 முதல் 2003 வரை சவூதியில், தஹ்ரானுக்குத் தள்ளி ஓர் எண்ணெய் வேலையாட்கள் முகாமின் மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தார். அந்தப் பக்கம் 1938-லேயே அமெரிக்கர்கள் எண்ணெய் எடுத்துவிட்டார்கள். அதனால் டெக்ஸாஸ்காரர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. என் மேசையில் ஒரு நீல டப்பா இருக்குமே, சாக்பீஸ் துண்டுகள் போட்டு வைத்திருப்பேன், நினைவிருக்கிறதா? அது அவர் கொண்டுவந்த கிராஃப்ட் சீஸ் டப்பா. சீஸை யார் தின்றார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் மாமியார் ஒரு வாய் வைத்துப் பார்த்து, சோப்பு என்று சொல்லிப் பூனைக்குப் போட்டார். டப்பாவுக்குத்தான் வீட்டில் போட்டி.

ஊருக்கு வந்தால் அவர் அடுப்படிப் பக்கமே திரும்ப மாட்டார். மீன் குழம்பும் சோறும் போதும். அங்கே என்ன சமைத்தீர்கள் என்றால், "எல்லாம் அவனுவளுக்குள்ள சாப்பாடு" என்பதோடு சரி. இந்தக் கரையிலிருந்து போன ஆண்கள் பலரும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்கள். கஷ்டமும் வரவில்லை, கைவேலையும் வரவில்லை. பெட்டி மட்டும் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று. நான் உங்களுக்கு நடத்திய பாடம்தான்: மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பாதியில்தான். கரும்பலகையில் படம் போட்டு அம்புக்குறி இட்டு எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்! வீட்டுக்குள் வந்தபோது அந்த அம்புக்குறி ஒன்றுக்கும் உதவவில்லை. சொல் அவருக்குள் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். நல்ல பெண், பொறுமையாகப் படம் காட்டுவாள். சீப்பு, பூனை, குடை. 70 வயது ஆளிடம் சீப்புப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒருநாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வரவே மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நான்கு மாதம் வீடு அப்படியே கிடந்தது.

ஒரு சாயங்காலம் தங்கச்சி மகள் போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் இறைச்சியை மாவில் புரட்டி எண்ணெயில் போடுகிறாள். இவர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தெளிவாக, "தப்பு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். "எண்ணெ... சூடு... ஆவல்ல."

மூன்று சொற்கள். நாலு மாதத்தில் நான் கேட்ட முதல் வாக்கியம்.

மறுநாள் காலை இறைச்சிக் கடைக்குப் போனேன். வெட்டுகிற பையன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். நம் ஊரில் இறைச்சி என்றால் எலும்போடு கொத்தித்தான் கொடுப்பார்கள். தேங்காய்க் கொத்து போட்டு நேரம்போக வேகவைக்க அதுதான் சரி. எனக்கு எலும்பில்லாமல், தொடைப் பகுதியில் ஒரே துண்டாக அரைக்கிலோ வேண்டும் என்றேன். "எதுக்கு டீச்சரே முழுசா?" என்றான். பரீட்சை என்றேன்.

துண்டை அவர் முன்னால் வைத்ததும் இடது கை விரலால் அதன்மேல் கோடு போட்டார். இறைச்சியின் நார் போகிற திசைக்குக் குறுக்கே அறுக்க வேண்டும். நார் போகும் போக்கில் அறுத்தால் கடைசிவரை கயிறு மெல்வதுபோல இருக்கும். ஒரு விரல் கனத்துக்கு அறுத்து, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, பாதிக் கனமாகும்வரை அடிக்க வேண்டும். மெஸ்ஸில் அதற்குப் பல் வைத்த சுத்தியல் இருந்ததாம். எங்கள் வீட்டில் அம்மிக்குழவி. எருமை இறைச்சிக்கு இந்த அடி அவசியம். குழம்பில் இரண்டு மணி நேரம் வெந்து கரைகிற ஜவ்வுக்கு, எண்ணெயில் கிடக்கிற நாலைந்து நிமிஷம் போதாது. அதனால் அடுப்பு செய்ய வேண்டிய வேலையைக் கை முதலிலேயே செய்துவிடுகிறது. நான் ஓங்கி அடித்தேன். "ஷ்வய்யா... ஷ்வய்யா" என்றார். அரபியில், கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம். தமிழ் வராத வாயில் அரபி வந்தது. பழகித் தேய்ந்த சொற்கள் இப்படிச் சிலருக்கு முதலில் திரும்பும் என்று அந்தப் பயிற்சிப் பெண் பிறகு சொன்னாள்.

அடித்த துண்டின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து உப்பும் மிளகும் தடவ வேண்டும். முதலில் மைதா. பிறகு இரண்டு முட்டையைக் கால் கப் பாலில் அடித்த கலவை. கடைசியில் ரஸ்க் தூள். ஈரம் இருந்தால் மைதா ஒட்டாது, மைதா இல்லாமல் முட்டை ஒட்டாது, முட்டை இல்லாமல் ரஸ்க் நிற்காது. புரட்டியதும் எண்ணெயில் போடக் கூடாது. கால் மணி நேரம் தட்டில் கிடக்க வேண்டும். மாவு ஈரத்தை இழுத்து இறைச்சியோடு பிடித்துக்கொண்டால்தான் பொரிக்கும்போது மேல்தோல் கழன்று வராது. நான் அவசரப்பட்டபோதெல்லாம் இடது கையை உயர்த்தி நிறுத்தினார், போக்குவரத்துப் போலீஸ்போல.

அந்தக் கால் மணி நேரங்களில்தான் பேச்சு வந்தது. ஒரே நாளில் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம். ரத்த அழுத்தம் இருக்கிறவருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், இதிலோ உப்பும் எண்ணெயும் சீஸும். அவருக்கு உள்ளங்கை அளவு துண்டில் பாதிதான். ஆனால் அந்த ஒருநாளுக்காக முந்தின வாரமே சொற்களைச் சேர்த்து வைக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

அங்கே அப்போது வியாழனும் வெள்ளியும் விடுமுறை. புதன்கிழமை ராத்திரி ஸ்டேக். 300 தட்டு. இவரும் ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் காலையிலிருந்து அடிப்பார்களாம். டெக்ஸாஸில் பால், மிளகு போட்ட கிரேவிதான் வழக்கம். சீஸ் சேர்த்தது இவர்கள் மெஸ்ஸில். டப்பா சீஸ் அந்த வெயிலிலும் கெடாமல் மலைபோல இருந்ததாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

மூன்றாவது முறை செய்தபோது, துண்டுகள் ரஸ்க் தூளோடு தட்டில் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான்... கெடந்து" என்றார். என்ன கிடந்தது? "சைரன்." கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1991, வளைகுடாப் போர். ஈராக்கிலிருந்து ஸ்கட் ஏவுகணைகள் வந்துகொண்டிருந்தன. பிப்ரவரி 25 ராத்திரி தஹ்ரானில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கியிருந்த கொட்டகையில் ஒன்று விழுந்து 28 பேர் செத்தார்கள். நாமும் பேப்பரில் படித்தோம். அந்த வாரங்களில் சைரன் ஊதினால் அடுப்பை அணைத்துவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு இரும்பு மேசைக்கு அடியில் படுப்பார்களாம். மேலே மேசையில் மாவு புரட்டிய ஸ்டேக். சைரன் நின்றால் எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்துப் பொரிப்பார்கள். சாப்பிட ஆள் வரிசையில் நிற்குமே.

அந்த மாதம் அவர் எழுதிய கடிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ‘இங்கு எல்லாரும் சுகம். பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கவும். கூரைக்கு ஓடு மாற்றப் பணம் அனுப்பியுள்ளேன்.’ அவ்வளவுதான். எனக்குப் பாசமா பொங்கியது என்று நினைக்காதீர்கள். நல்ல கோபம் வந்தது. 30 வருஷத்துக்கு மேல் பிந்தி வந்த கோபத்தை அந்த நிலைமையில் இருக்கிறவர்மேல் எப்படிக் காட்டுவது? மிச்சமிருந்த இரண்டு துண்டையும் பேப்பர் கனத்துக்கு அடித்துவிட்டேன். அவர் பார்த்துச் சிரித்தார். "கல்லாஸ்" என்றார். போதும், முடிந்தது.

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் அளவு கேட்டிருக்கிறீர்கள். நான் பொரிப்பது தேங்காய் எண்ணெயில்தான். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற எண்ணெய் இதைப் பொரிக்காதா? இரண்டு விரல் ஆழம் போதும். ஒரு துளி ரஸ்க் தூளைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வர வேண்டும். புகைய விடக் கூடாது. பக்கத்துக்கு இரண்டு, இரண்டரை நிமிஷம். எடுத்துக் கம்பி வலைமேல் வையுங்கள், தட்டில் வைத்தால் ஆவி அடியில் தங்கி மொறுமொறுப்பு போய்விடும்.

கிரேவிக்கு அதே எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி, அடியில் படிந்த தூளோடு. தூள் கருகியிருந்தால் மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைப் பச்சை வாடை போகும்வரை வறுத்து, வெதுவெதுப்பான பால் இரண்டு கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் கட்டி விழாது. தோசை மாவுப் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, 25 கிராம் சீஸ் கட்டி மூன்றைத் துருவிப் போட்டு, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு தாராளமாக. கொதிக்கக் கொதிக்க சீஸ் போட்டால் திரிந்து திப்பி திப்பியாகும். இதற்கு அமுல் மாதிரி பதப்படுத்திய சீஸே நல்லது. அதில் சேர்க்கிற உப்புகள் கொழுப்பும் புரதமும் பிரியாமல் பிடித்து வைக்கும். சீஸ் உப்பே போதும், கிரேவிக்குத் தனியாக உப்பு வேண்டாம். மேலே ஊற்றியதும் உடனே சாப்பிட வேண்டும், ஊறினால் ரசமில்லை. தொட்டுக்கொள்ள அவர்கள் உருளைக்கிழங்கு மசித்து வைப்பார்கள். நாங்கள் வேகவைத்த மரச்சீனி. மாமியார் இருந்திருந்தால் இதையும் பூனைக்குத்தான் போட்டிருப்பார், எனக்கு இப்போது பிடித்துவிட்டது.

வலது கை இன்னும் எழவில்லை. போன மாதம் இடது கையால் ஒரு துண்டை அவரே ரஸ்க் தூளில் புரட்டினார். நீங்கள் படத்தில் பார்த்தது அதுதான். பக்கத்தில் ஒரு ஓரம் தூள் ஒட்டாமல் இருந்ததே, அது.

ஊருக்கு வருகிறவர்கள் புதன்கிழமை சாயங்காலமாக வீட்டுக்கு வாருங்கள், மாதக் கடைசிப் புதன். முன்னால் ஒரு போன் செய்தால் இறைச்சி சொல்லி வைப்பேன். அவர் பேசத் தொடங்கினால் சொல்லைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அப்போது நீங்கள் எடுத்துக் கொடுத்து முடிக்காதீர்கள், காத்திருங்கள். வரும்போது புதுக்கடையிலிருந்து இரண்டு பாக்கெட் ரஸ்க் வாங்கி வந்தால் நல்லது. இங்கே கிடைப்பதில் சீனி கூடுதல்.