திருப்பூரில் ஒரு லைன் வீடு, பேரையூரில் மூன்று ஏக்கர்

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மேல் திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் நடக்க இடம் கிடைக்காது. அன்றைக்குத்தான் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவர்கள் கோழிக்கடை முன்னும் மளிகைக்கடை முன்னும் நிற்பார்கள். அவர்கள் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் போதும், யார் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். கொங்குப் பேச்சின் ‘ங்க’ அங்கே குறைவு. ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்ற மதுரைப் பேச்சு அதிகம். தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை எல்லாம் அங்கே உண்டு. நடுநடுவே இந்தியும் ஒடியாவும்.

இவர்களில் பெரும்பகுதி விவசாயக் குடும்பங்கள். கரிசலிலும் செம்மண்ணிலும் மானாவாரி செய்தவர்கள். மழை ஏமாற்றியதாலும், கடன் ஏறியதாலும், மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததாலும் பஸ் ஏறியவர்கள். சர்டிபிகேட் எதுவும் கேட்காமல் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் மறுநாளே வேலை கொடுக்கிற ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கைமடியில் சேர்ந்தால் சில மாதத்தில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிடலாம். தீபாவளிக்கு போனஸ் உண்டு. ஊரில் வட்டிக்கு வாங்கியதை இங்கே வந்து அடைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வகையில் திருப்பூரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் ஒரு பெருமூச்சு வரும். அது எதனால் என்று கேட்டால் முதலில் வருகிற பதில், தண்ணீர்.

குடம் போட்ட வரிசை

மதுரை மாவட்டம் பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். ஊரில் மூன்று ஏக்கர் கரிசல். பருத்தியும் குதிரைவாலியும் துவரையும் மாற்றி மாற்றிப் போட்டவர்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்த ஆண்டு வந்தவர்கள். கிழவனார், அவர் மகன், மருமகள், பேத்தி என்று நான்கு பேர். மகன் அயர்ன் மாஸ்டர், மருமகள் செக்கிங் வேலை.

குடியிருப்பது லைன் வீடு. எதிரும் புதிருமாக எட்டு வீடுகள். ஒவ்வொன்றும் ஒரு ரூம், ஒரு சமையல் கட்டு. எட்டு வீட்டுக்கும் சேர்த்துக் கடைசியில் இரண்டு கக்கூஸ். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கிற வரிசையில் நின்றால்தான் எட்டரை மணி ஷிப்டுக்குப் போக முடியும். ஒரே ரூமில் வயதுக்கு வந்த பெண்ணும், மகனும் மருமகளும், வயதானவரும் எப்படிப் படுப்பது? கிழவனார் மழை நாள் தவிர மற்ற நாளெல்லாம் வாசலில்தான் கட்டில் போடுகிறார்.

நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் வரும், பகல் பதினொரு மணிக்கும் வரும். பகலில் வந்தால் ஒருவர் அரை ஷிப்ட் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும். மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர், அது உப்பு. “ஊர்ல தண்ணி இல்லேன்னுதான் இங்க வந்தோம். இங்கயும் தண்ணி வந்துச்சா வந்துச்சான்னு கேட்டே பாதி ஆயுசு போயிருச்சு” என்கிறார் மருமகள்.

சொந்தக்காரர்கள் வந்தாலும் சங்கடம். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. “ஏனுங்க, ஒரம்பரை வந்தா வரட்டுங்க. ரெண்டு நாளைக்கு மேல தங்க வெக்காதீங்க, தண்ணி பத்தாதுங்க” என்று மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் தன் அக்காவை மூன்றாவது நாள் பஸ் ஏற்றி அனுப்பியது மகனுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஊரில் வந்தவர்கள் எத்தனை நாள் இருந்தாலும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

வருமானக் கணக்கையும் பார்த்துவிடலாம். அவருக்கு ஒரு ஷிப்டுக்கு 550 ரூபாய், அம்மாவுக்கு 400. ஆர்டர் இருக்கிற வாரம் ஆறு நாள், இல்லாத வாரம் மூன்று நாள். எப்படியும் மாதம் 22,000 வருகிறது. வாடகையும் கரண்டுமாக 5,000. வீடுகளுக்கு அரசு கொடுக்கிற 100 யூனிட் இலவச மின்சாரம் இந்தக் கதவு வரைக்கும் வருவதில்லை. சப் மீட்டரில் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் வீட்டுக்காரர் சொல்கிற விலைதான். மளிகை, பால், காய் 9,000. பிள்ளை படிப்பு, மருந்து, பஸ், ஊர்க் காரியங்களுக்குச் செய்முறை எல்லாம் போக மூவாயிரம் மிஞ்சினால் அதிகம். ரேஷன் அரிசிக்கு முதலில் ஊருக்குத்தான் போய் வந்தார்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம் என்பதே இவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மாதம் மூவாயிரம் ரொக்கமாக மிஞ்சியது ஊரில் எந்த வருடமும் இல்லை என்று மகன் சொல்கிறார். அது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் விட்டுப்போனதும் உண்டு. ஊரில் துவரம்பருப்பு, மொச்சை, கீரை, பால், மோர் எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. வாடகையும் இல்லை. மானாவாரிக்காரர் வீட்டில் வரவு செலவு எழுதும்போது வயிற்றுக்குப் போனதை யாரும் வரவில் எழுதுவதில்லை.

திங்கள்கிழமைச் சந்தை

இந்த வீட்டில் அதிகம் துவண்டுபோனவர் கிழவனார். எழுபதைத் தாண்டியவர். மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது, இவருக்கு இல்லை. வாட்ச்மேன் வேலைக்கு ஒரு மாதம் போனார். ராத்திரி முழுக்க ஒரு இரும்புக் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று நின்றுவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரே போக்கிடம் மாட்டுச் சந்தை. தாராபுரம் ரோட்டில் கோவில்வழி தாண்டி அமராவதிபாளையத்தில் திங்கள்கிழமைதோறும் கூடுகிறது. காங்கேயம் காளை, நாட்டுப் பசு, கலப்பினக் கறவை, எருமை எல்லாம் வரும். விடிகாலையிலேயே போய்விடுவார். வாங்கவும் மாட்டார், விற்கவும் அவரிடம் எதுவும் கிடையாது. மாட்டின் வாயைப் பிடித்துப் பல் பார்ப்பார். நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று சொல்வார். சுழி பார்ப்பார். மடியைத் தடவி நாலு காம்பிலும் பால் இறங்குமா என்று பார்ப்பார். முதலில் அவரைத் தரகர் என்று நினைத்து, துண்டுக்குள் கையைக் கொடுத்து விலை பேச வந்தவர்கள் உண்டு. இப்போது தெரிந்துகொண்டார்கள். “பெரியவரே, இந்தக் கிடாரிக்கு வயசு பாத்துச் சொல்லுங்க” என்று அவர்களே கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிடுகிறார் என்று மருமகள் சொல்கிறார்.

சந்தையில்தான் அவருக்கு உள்ளூர் விவசாயி ஒருவர் பழக்கமானார். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம் உள்ளவர். “உங்க ஊரு ஆத்துல ஏன் யாரும் எறங்கிக் குளிக்கக் காணோம்?” என்று கிழவனார் கேட்டதில் ஆரம்பித்த பேச்சு.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. பாசனத்துக்கு என்று 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். பனியன் தொழில் வளர வளர, சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கி அந்த அணையில் வந்து தேங்கியது. கிணறுகளில் உப்பு ஏறியது. தென்னை குரும்பை உதிர்த்தது. ஆடு, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. எந்த அணையைப் பாசனத்துக்குக் கேட்டு வாங்கினார்களோ, அதே அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கிற ஏற்பாட்டைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு அந்த ஏற்பாட்டைச் செய்தவைதான் திறந்தன. ஆறு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் மண்ணில் ஏறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடாது.

அந்தத் தோட்டக்காரரின் மகனும் இன்றைக்குப் பனியன் கம்பெனியில்தான் கட்டிங் மாஸ்டர். தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து வந்தவரும், தண்ணீர் கெட்ட ஊரிலிருந்து வந்தவரும் சந்தைக்குள் ஒரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

பூட்டிய வீடும் சீமைக் கருவேலமும்

ஊரில் அந்த மூன்று ஏக்கர் எப்படி இருக்கிறது? முதல் இரண்டு வருடம் பங்காளி ஒருவர் வாரத்துக்குப் போட்டார். பிறகு காட்டுப்பன்றித் தொல்லையால் விட்டுவிட்டார். உழாமல் கிடந்த நிலத்தில் ஆடு மேய்ந்தது. ஆட்டுப் புழுக்கையில் வந்த விதை முளைத்து இன்றைக்கு இரண்டு ஏக்கர் சீமைக் கருவேலம். ஆள் உயரத்தில் இருக்கும்போதே தூரோடு பிடுங்கியிருந்தால் கூலி ஆட்களே போதும். இப்போது ஜேசிபி விட்டால்தான் வேர் வரும். வெட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அடுத்த மழையில் நான்கு பங்கு தளிர் வருவதைப் பார்ப்பார்கள்.

இன்னொரு சிக்கல் காகிதத்தில். பட்டா இன்னும் கிழவனாரின் அப்பா பெயரில், பங்காளிகளோடு கூட்டாக இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பி.எம். கிசான் பணம் இவர்களுக்கு வரவில்லை. விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதிகிற முகாம் ஊரில் நடந்தபோது இவர்கள் ஷிப்டில் இருந்தார்கள். தரிசு நிலம் வைத்திருப்பவர்களைச் சேர்த்து 10, 15 ஏக்கர் தொகுப்பாக்கி, முள் அகற்றி, போர் போட்டுக் கொடுக்கிற வேலையைக் கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் வேளாண்மைத் துறை செய்கிறது. அதற்கும் கையெழுத்துப் போட ஆள் ஊரில் இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் குடும்பங்கள் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் போகும்போது கறி எடுப்பதோடு, ஒரு நாளைத் தாலுகா ஆபீசுக்கும் ஒதுக்கியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

இதற்கிடையில் ஒரு புரோக்கர் போன் செய்துகொண்டே இருக்கிறார். மூன்று ஏக்கரையும் கொடுத்துவிட்டால், திருப்பூருக்கு வெளியே பெருமாநல்லூர் தாண்டி இரண்டு சென்ட் வாங்கிச் சிறிதாக ஒரு வீடு கட்டலாம். சொந்தக் கக்கூஸ், சொந்தக் குழாய். மகன் அதில் மனசு வைத்துவிட்டார். பேத்தி பிளஸ் டூ. அவளுக்கு ஊருக்குத் திரும்புகிற எண்ணமே இல்லை. மூன்று நாள் போனாலே நான்காவது நாள் பஸ்ஸைக் கேட்பாள். மருமகளும் திரும்ப மாட்டேன் என்றுதான் சொல்கிறார். “இங்க சனிக்கெழமையானா என் சம்பளம் என் கைக்கு வரும். அங்க ஒரு சோப்பு வாங்கணும்னாலும் ஒருத்தர் மொகத்தைப் பாக்கணும்.” டவுன் வாழ்க்கை பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தால் அது தப்பு.

ஆனாலும் அதே லைனில் நான்காவது வீட்டைப் பார்க்க வேண்டும். சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம். வந்த புதிதிலேயே இரண்டு ஏக்கரை விற்றுவிட்டார்கள். பணம் கடனுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் போனது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடியபோது, பேரையூர்க் குடும்பம் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தது. சொந்த வீடு, கைவசம் இருந்த தவசம், தெரிந்த மனிதர்கள் என்று அந்த மாதங்களை ஓட்டியது. நான்காவது வீட்டுக்காரர்களுக்குப் போக இடமில்லை. வேலை இல்லாத மாதங்களுக்கும் வாடகை பாக்கி ஏறியது. தண்ணீர் பற்றி, கக்கூஸ் பற்றி, சம்பளம் பற்றி அந்த லைனில் அதிகமாகக் கோபப்படுகிறவர் அந்த வீட்டு மனிதர்தான். எல்லாருக்கும் இருக்கிற அதே குறைகள்தான் அவருக்கும். மற்றவர்கள் ‘முடியலைன்னா ஊருக்குப் போயிருவோம்’ என்று சொல்லிக்கொண்டே பத்து வருடம் இருந்துவிடுகிறார்கள். அவர் அப்படிச் சொல்ல முடியாது.

கிழவனார் விற்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. மகன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவர் என்ற கூச்சம். ஆவணி மாதம் ஒரு நாள் ராத்திரி, “முள்ளு இல்லாத அந்த ஒரு ஏக்கர்ல புரட்டாசிப் பட்டத்துக்குக் குதிரைவாலி போட்டுப் பாக்கட்டாப்பா?” என்று மட்டும் கேட்டார். மகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு வருசம் போட்டுப் பாருங்கய்யா” என்றார். புரோக்கரிடம் பொங்கல் கழித்துப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏக்கருக்கு நாலு, அஞ்சு கிலோ விதை போதும். மதுரை வேளாண் கல்லூரி வெளியிட்ட மதுரை 1 ரகம் கிடைத்தால் நல்லது, நூறு நாளுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். உழவுக்குப் பங்காளி டிராக்டர் தருகிறேன் என்றிருக்கிறார். பட்டா மாறுதலுக்கு வாரிசுச் சான்று எடுக்கவும் இந்த முறை காகிதமெல்லாம் பையில் இருக்கிறது. கோவில்வழி பஸ் ஸ்டாண்டிலிருந்து தென் மாவட்ட பஸ்கள் புறப்படுகின்றன. மகன்தான் வந்து ஏற்றிவிட்டார்.

பத்து நாள் கழித்து மருமகள் போன் போட்டார். “மாமா, அங்க மழை பேஞ்சுச்சா?”

“இல்லம்மா, கருக்கிட்டுத்தான் போகுது. நெலத்த உழுது போட்டிருக்கேன். அங்க தண்ணி வந்துச்சா?”

“நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துச்சு மாமா. ஆறு குடம் பிடிச்சோம்.”